போட்டதே 30 பர்சன்ட் மருந்து, டிஜிஏ மெஷின் 38 காட்டுது. சிலிகாக்குள்ள மருந்து ஏத்தினவங்க யாராவது இருக்கீங்களா?

வியாசை_பார்மசி

வணக்கம் மக்களே. எம்.ஃபார்ம் கடைசி வருஷம் படிக்கிறேன், வீடு வியாசர்பாடி. ப்ராஜெக்ட் என்னன்னா துளை துளையா இருக்கிற சிலிகாக்குள்ள ஐபுப்ரோஃபென் ஏத்தறது. சிலிகான்னா புது ஷூ டப்பால சின்ன பொட்டலமா போட்டிருப்பாங்களே அந்த ஜாதி தான், ஆனா இது நைசான பவுடர், துளை 4 நானோமீட்டர், ஒரு கிராமுக்கு 750 சதுர மீட்டர் பரப்புன்னு பாட்டில்ல ஒட்டியிருக்கு. ஒரு கிராம் பவுடருக்குள்ள எங்க சந்துல இருக்கிற அத்தனை வீட்டு தரையும் அடங்கிடும் போல, நினைச்சாலே தலை சுத்துது. ஐபுப்ரோஃபென் தண்ணில ஒழுங்கா கரையாது, துளைக்குள்ள போய் கிரிஸ்டல் ஆகாம உட்கார்ந்துச்சுன்னா சீக்கிரம் கரையும், அதான் ஐடியா.

செஞ்சது இதான். 700 மில்லிகிராம் சிலிகா, 300 மில்லிகிராம் மருந்து, எத்தனால்ல போட்டு ராத்திரி பூரா கலக்க விட்டு, மறுநாள் ரோட்டவேப்ல (ஃப்ளாஸ்க்கை சுத்த விட்டு வேக்குவம்ல ஆவியாக்கற மெஷின்) எத்தனாலை இழுத்துட்டேன். ஃபில்டர் பண்ணல, கழுவல. அப்போ மருந்து வெளிய போக வழியே இல்ல, சரியா 30 பர்சன்ட் இருக்கணும், கொஞ்சம் ஃப்ளாஸ்க்ல ஒட்டியிருந்தா குறையலாம், கூட வாய்ப்பே இல்ல.

வெளி லேபுக்கு அனுப்பி டிஜிஏவும் (சூடு ஏற ஏற எடை எவ்ளோ குறையுதுன்னு பாக்கறது) டிஎஸ்சியும் (சூடு ஏறும்போது சாம்பிள் எவ்ளோ வெப்பத்தை இழுக்குதுன்னு பாக்கறது, உருகினா பீக் வரும்) எடுத்தேன், ரெண்டும் நைட்ரஜன்ல, நிமிஷத்துக்கு 10 டிகிரி. டிஜிஏல 600 டிகிரி வரைக்கும் போனதுல மொத்தம் 38 பர்சன்ட் எடை குறைஞ்சிருக்கு. 38! டிஎஸ்சில 76 டிகிரி கிட்ட வரவேண்டிய உருகுற பீக்கையே காணோம், 40ல ஆரம்பிச்சு 120 வரைக்கும் ஒரு பெரிய அகலமான பள்ளம் மட்டும் இருக்கு.

கைடு கிட்ட காட்டினா பீக் இல்லல்ல, அப்போ மொத்தமும் அமார்ஃபஸ் (கிரிஸ்டல் ஆகாதது), லோடிங் (ஏறின மருந்து) 38 பர்சன்ட், சூப்பர்மா எழுதிடுன்னுட்டார். எனக்கு தான் மனசு ஒப்பல, 300 போட்ட இடத்துல 380 எப்படி வரும், வைவால எவனாவது இதை கேட்டா நான் என்ன சொல்லுவேன். அண்ணா அக்காங்க யாராவது இந்த மெஷின்ல வேலை பாத்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.


ராயபுரம்_ராக்கெட்

இன்னா தங்கச்சி, 30 குட்த்தா 38ஆ திருப்பி குட்க்குதா, அந்த மெஷின் அட்ரஸ் குடு, நானும் என் சம்பளத்தை வெச்சு எட்த்துக்கிறேன் 😂

சீரியஸா சொல்றேன், மெஷின் கேலிப்ரேஷன் புட்டுகினு இருக்கும். வேற லேப்ல குடுத்து பாரு.


மணலி_தராசு

ராக்கெட்டு, மெஷின் மேல உடனே பழி போடாத. பதினாலு வருஷமா டிஜிஏ முன்னாடி உட்கார்ந்திருக்கேன், பத்து கம்ப்ளெயின்ட் வந்தா ஒம்பதுல மெஷின் சொன்னது கரெக்ட்டு, கேட்ட கேள்வி தான் தப்பு. டவுட்டுன்னா கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் போட்டு ஓட்ட சொல்லு. மூணு படி வரும், முதல்ல தண்ணி 12.3 பர்சன்ட், அப்புறம் கார்பன் மோனாக்சைடு 19.2, கடைசில கார்பன் டையாக்சைடு 30.1. இது வந்துச்சுன்னா எடை பக்கம் மெஷின் ஓகே, அப்பால வாய் பேசக்கூடாது.

தங்கச்சி, உனக்கு வருவோம். டிஜிஏன்னா என்ன, அது ஒரு தராசு, அடுப்புக்குள்ள தொங்குது, அவ்ளோதான். எடை குறைஞ்சா குறைஞ்சதுன்னு சொல்லும், எது போச்சுன்னு அதுக்கு தெரியாது. மருந்து போனாலும் குறையும், தண்ணி போனாலும் குறையும், மிச்சம் ஒட்டியிருந்த எத்தனால் போனாலும் குறையும். நீ மொத்தத்தையும் மருந்து கணக்குல எழுதிட்ட.

உன் 38க்குள்ள மூணு பேர் ஒளிஞ்சிருக்காங்க. முதல் ஆளு ஈரம். சிலிகா இருக்கே, அது தண்ணியை பாத்தா விடாது, அதுக்கு தானே ஷூ டப்பால போடறான். நம்ம ஏரியால கடல் காத்து அடிக்குது, எண்ணூர்லருந்து ராயபுரம் வரைக்கும் காலைல பாத்தா ஜன்னல் கம்பியே நசநசன்னு இருக்கும், அந்த காத்துல பாட்டில் மூடியை திறந்து வெச்சுட்டு நீ போன்ல பேசிட்டு வந்தா போதும், எடை ஏறிட்டே இருக்கும். தராசு தட்டுல சிலிகாவை வெச்சுட்டு கடைசி டிஜிட்டை பாரு, நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும், நான் புதுசா சேந்தப்ப தராசு ரிப்பேர்னு சர்வீஸ் ஆளுக்கே போன் போட்டேன், அந்தாளு வந்து சிரிச்சுட்டு போனாரு. இந்த ஈரம் 120, 150 டிகிரிக்குள்ள போயிடும்.

ரெண்டாவது ஆளு சிலனால். சிலிகா மேற்பரப்பு பூரா ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த ஜோடி) கொம்பு கொம்பா நிக்கும், நல்லா ஈரம் பட்ட சிலிகால ஒரு சதுர நானோமீட்டருக்கு சுமார் அஞ்சு இருக்கும்னு வெச்சுக்கோ. சூடு ஏற ஏற பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு ஓஹெச் கை கோத்துக்கிட்டு ஒரு தண்ணியை கழட்டி விட்டுரும். இது 200க்கு மேல மெதுவா ஆரம்பிச்சு ஆயிரம் டிகிரி வரைக்கும் கூட இழுத்துக்கிட்டே போகும். படி மாதிரி தெரியாது, லேசா சரிஞ்ச ரோடு மாதிரி இருக்கும், அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. உனக்கு கிராமுக்கு 750 சதுர மீட்டர்னா இது சும்மா விடற அளவு இல்ல.

மூணாவது ஆளு தான் உன் மருந்து. சும்மா இருக்கிற ஐபுப்ரோஃபென் 250 டிகிரி வாக்குல மொத்தமா ஆவியாகி போயிடும், துளைக்குள்ள மாட்டினது அவ்ளோ சீக்கிரம் வெளிய வராது, மேல மேல இழுக்கும்.

இப்போ நீ செய்ய வேண்டியது, லேப்ல 38ன்னு ஒரே நம்பரா வாங்காத, 120 வரைக்கும் எவ்ளோ, 120லருந்து 600 வரைக்கும் எவ்ளோன்னு பிரிச்சு கேளு, டேட்டா ஃபைல் வெச்சிருப்பாங்க, மறுபடி ஓட்ட வேணாம். அப்புறம் மருந்து போடாத வெறும் சிலிகா, அதே பாட்டில்லருந்து எடுத்தது, அதையும் அதே மாதிரி ஓட்டு. இதை ஓட்டாம லோடிங் கணக்கு போடறவங்களை பாத்தா எனக்கு பிபி ஏறுது. வெறும் க்ரூசிபிளையும் (சாம்பிள் வைக்கிற குட்டி கிண்ணம்) ஒரு தடவை ஓட்டி கழிக்க சொல்லு, சூடு ஏறினா உள்ள இருக்கிற கேஸ் லேசாகும், தராசுக்கு எடை கூடின மாதிரி தெரியும், உன் சாம்பிள் எடை கம்மின்னா அது ஆட்டம் காட்டும்.

ஆமா, எந்த பேன்ல, அதான் அந்த குட்டி கிண்ணம், எதுல ஓட்டினாங்க? அலுமினா தானே? எங்க இடத்துல ஒரு பையன் டிஎஸ்சிக்கு வெச்சிருந்த அலுமினியம் பேனை எடுத்து டிஜிஏல போட்டு 800 டிகிரி செட் பண்ணிட்டு டீ குடிக்க போயிட்டான். அலுமினியம் 660ல உருகிடும். வந்து பாத்தா பேன் இல்ல, கொக்கி இல்ல, உள்ள தட்டுல வெள்ளி பொட்டு வெச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. சென்சாரோட மாத்த வேண்டியதாச்சு, ரெண்டு மாசம் மெஷின் படுத்துடுச்சு. அலுமினாவும் அலுமினியமும் பேர் தான் பக்கத்துல பக்கத்துல, பாத்து.


வண்ணாரப்பேட்டை_லிப்பாம்

தராசு அண்ணா சொன்னதை படிச்சதும் எனக்கு பழைய வயித்தெரிச்சல் கிளம்பிடுச்சு, சொல்லிட்டு போறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டைல வீட்லயே சின்ன அளவுல லிப் பாம், லிப்ஸ்டிக், ஃபேஸ் பவுடர் செஞ்சு விக்கிறேன். பவுடர்ல சிலிகா போடுவோம், முகத்துல எண்ணெய் வழியறதை இழுத்துக்கும், தொட்டா வழவழன்னு இருக்கும். ரெண்டு தடவை ஒரே கடைல தான் வாங்கினேன், முதல் மூட்டை பஞ்சு மாதிரி பறந்துச்சு, ரெண்டாவது மூட்டை கைல எடுத்தா கட்டி கட்டியா ஒட்டுது. கடைக்காரர் கிட்ட கேட்டா அதே சரக்கும்மா அதே சரக்கும்மான்னு சத்தியம் பண்றார். தெரிஞ்ச பையன் ஒருத்தன் மூலமா ரெண்டையும் டிஜிஏ போட்டு பாத்தோம். முதலாவது 150 டிகிரிக்குள்ள 3 பர்சன்ட், ரெண்டாவது 11. கிலோ கணக்குல காசு குடுத்து தண்ணி வாங்கிட்டு வந்திருக்கேன், அதுவும் மெட்ரோ வாட்டர் லாரி வராத மாசத்துல!

அதுக்கப்புறம் நான் டிஜிஏக்கு எல்லாம் போறதில்ல, ஒரு பழைய ஓவனும் நகைக்கடைல வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி ஒரு தராசும் வாங்கிட்டேன். 10 கிராம் எடுத்து 105 டிகிரில மூணு மணி நேரம் வெச்சு, டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடின பாத்திரம்) ஆற விட்டு மறுபடி எடை. ஆறாம சூடா எடை போட்டா தப்பா காட்டும், அதுவும் பட்டு தெரிஞ்சுக்கிட்டது தான். சிலனால் கதை எல்லாம் இதுல தெரியாது ஆனா கடைக்காரர் கிட்ட சண்டை போட இது போதும்.

டிஎஸ்சி எனக்கு எதுக்கு பயன்பட்டுச்சுன்னா மெழுகுக்கு. தேன்மெழுகு 62லருந்து 64, கேண்டலில்லா 70 வாக்குல, கார்னாபா 82லருந்து 86. தனித்தனியா இப்படி தான், ஆனா விளக்கெண்ணெய்ல சேத்து காய்ச்சினதும் இந்த நம்பர் எதுவும் நிக்காது, எண்ணெய் மெழுகை கீழ இழுத்துடும், பீக் அகலமாயிடும். எங்கே ஆரம்பிக்குதுன்னு பாக்கணும், உச்சி எங்கன்னு இல்ல. ஒரு ஷேட்ல 35 டிகிரிலயே லேசா உருக ஆரம்பிச்சுடுச்சு, உச்சி என்னவோ 60 கிட்ட. மே மாசத்துல கொருக்குப்பேட்டைல ஷீட் போட்ட வீட்டு அலமாரில 35 எல்லாம் ராத்திரி டெம்பரேச்சர். அந்த லிப்ஸ்டிக் தான் முத்து முத்தா வேர்த்துச்சு, கஸ்டமர் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு திருப்பி குடுத்தாங்க. கார்னாபாவை கொஞ்சம் ஏத்தினதும் நின்னுச்சு, ரொம்ப ஏத்தினா உதட்டுல போடும்போது கிரேயான் மாதிரி இழுக்கும், அது வேற பஞ்சாயத்து.

லிப் பாம்ல கோகோ பட்டர் போடறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். அது ஆறு விதமா கிரிஸ்டல் ஆகும், நமக்கு வேண்டியது அஞ்சாவது, அது 33, 34 டிகிரில உருகும், அதான் உதட்டுல வெச்சதும் கரையுது. கூரியர் வண்டில வெயில்ல உருகி ராத்திரி தானா இறுகினா வேற விதத்துல இறுகும், அப்புறம் ரவை மாதிரி நறநறன்னு இருக்கும். பொருள் அதே, எடை அதே, உருகுற இடம் மட்டும் மாறிடும். டிஜிஏல இது தெரியவே தெரியாது, ஏன்னா எடை எங்கயும் போகல.


வியாசை_பார்மசி

தராசு அண்ணா, உங்களுக்கு கோவில்ல அர்ச்சனை பண்றேன். அக்கா, அந்த 11 பர்சன்ட் கதையை படிச்சு ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாம் சிரிக்கிறாங்க.

லேப்ல கேட்டு வாங்கிட்டேன். அலுமினா க்ரூசிபிள் தான். 120 வரைக்கும் 7 பர்சன்ட், 120லருந்து 600 வரைக்கும் 31, மிச்சம் 62. வெறும் சிலிகா ரன்னும் வந்துடுச்சு, 120 வரைக்கும் 8, 120லருந்து 600 வரைக்கும் 3.7, மிச்சம் 88.3.

அப்போ 31லருந்து 3.7ஐ கழிச்சு 27.3ன்னு எழுதலாமா?


மணலி_தராசு

அவசரப்படாத. 3.7ங்கறது 100 மில்லிகிராம் வெறும் சிலிகாக்கு. உன் லோடட் சாம்பிள் 100 மில்லிகிராம்ல அவ்ளோ சிலிகா இல்லயே, பாதிக்கு கொஞ்சம் மேல தானே இருக்கு. 600ல மிச்சம் நிக்கிறதை வெச்சு தான் பங்கு போடணும், ஏன்னா அந்த நேரத்துல ரெண்டுலயும் நிக்கிறது சுத்த சிலிகா மட்டும் தான்.

வெறும் சிலிகால 88.3 மிச்சத்துக்கு 3.7 போச்சு. உன் சாம்பிள்ல மிச்சம் 62. அப்போ 62ஐ 3.7ஆல பெருக்கி 88.3ஆல வகுத்தா 2.6. இது தான் உன் சிலனால் பங்கு. 31லருந்து 2.6 போனா 28.4 மருந்து.

இன்னும் முடியல. இந்த 28.4 ஈரத்தோட சேத்த எடைக்கு. ஈரம் 7, அப்போ காஞ்ச எடை 93. 28.4ஐ 93ஆல வகுத்தா 30.5 பர்சன்ட். இதை எழுது, காஞ்ச எடைக்குன்னு பக்கத்துலயே எழுது. அது எழுதலன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, காலைல ஒண்ணு வரும் மழை பேஞ்சா ஒண்ணு வரும்.

நீ இப்போ கேப்ப, 30.5 எப்படி, 30க்கு மேல போகக்கூடாதேன்னு. நீ 700 மில்லிகிராம் சிலிகா எடுத்தியே, அப்பவே அதுல 8 பர்சன்ட் தண்ணி. உண்மையான சிலிகா 644 தான். 644ம் 300ம் சேந்தா 944, அதுல 300னா 31.8 பர்சன்ட். நீ போட்டது 30 இல்ல, 31.8. கைல வந்தது 30.5. ஃப்ளாஸ்க் சுவத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கும், கணக்கு உக்காந்துடுச்சு பாத்தியா. அடுத்த தடவை சிலிகாவை ராத்திரி 120, 150ல காய வெச்சு, ஆற விட்டு, சட்டுனு எடை போடு.


ராயபுரம்_ராக்கெட்

சரி மெஷின் கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன். தராசண்ணே நீங்க எங்க ட்யூஷன் எடுக்கிறீங்க, என் பையன் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரில தத்தளிக்கிறான்.


பெரம்பூர்_பழைய_வாத்தியார்

எடைக் கணக்கு அருமை. நான் ரிடையர் ஆகி ஆறு வருஷமாச்சு, அதனால டிஎஸ்சி பத்தி கொஞ்சம் நீளமா பேசினா பொறுத்துக்கணும், வீட்ல கேக்க ஆள் இல்ல.

அம்மா, உன் கைடு பீக் இல்லன்னு சொல்றார்ல, அங்க தான் எனக்கு சந்தேகம். உன் சாம்பிள்ல 7 பர்சன்ட் ஈரம்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. தண்ணி ஆவியாக கிராமுக்கு 2,260 ஜூல் வேணும். 7 பர்சன்ட்னா உன் சாம்பிள் கிராமுக்கு 158 ஜூல் வாங்கும், கொஞ்சம் எத்தனாலும் இருந்தா அந்த நம்பர் குறையும், ஆனா பெருசு தான். ஐபுப்ரோஃபென் உருக கிராமுக்கு சுமார் 122 ஜூல், உன்கிட்ட 28.4 பர்சன்ட் தான் மருந்து, அது முழுக்க கிரிஸ்டலா இருந்தாலே 35 ஜூல் தான் வரும். பத்துல ஒரு பங்கு கிரிஸ்டல்னா மூணரை ஜூல். 158 ஜூல் பள்ளம் 40லருந்து 120 வரைக்கும் வாயை பொளந்துக்கிட்டு நிக்குது, அதுக்கு நடுவுல 76ல மூணரை ஜூல். துறைமுகத்துல கப்பல் நிக்கிறப்போ பக்கத்துல காசிமேட்டு கட்டுமரம் மிதந்தா கரையிலேர்ந்து தெரியுமா? நீ பாத்தது பீக் இல்லாததை இல்லம்மா, தண்ணி மறைச்சதை.

அதனால சாம்பிளை 40 டிகிரில வேக்குவம்ல ஒரு ராத்திரி காய வை. 80, 100ல காய வெச்சுடாத, மருந்து உருகி துளைக்குள்ள இறங்கிடும், அப்புறம் நீ ரோட்டவேப்ல செஞ்சதை பாக்கறியா ஓவன்ல செஞ்சதை பாக்கறியான்னே தெரியாது. காஞ்சதும் உடனே பேன்ல போட்டு மூடி அழுத்திடு, 3, 4 மில்லிகிராம் போதும். முதல் தடவை சூடேத்தறதை தான் பாக்கணும், ரெண்டாவது ஹீட்டிங்கை இந்த விஷயத்துக்கு நம்பாதே, அதே காரணம், முதல் தடவையே உருகி உள்ள போயிருக்கும்.

கூடவே சும்மா கலந்த சாம்பிள் ஒண்ணு, அதே 30க்கு 70, உரல்ல அரைக்காம லேசா குலுக்கி கலந்தது. அதுல பீக் எவ்வளவு வருதுன்னு பாத்தா தான், லோடிங் பண்ணினதுல வராததுக்கு மரியாதை. அரைச்சா அரைக்கிற வேகத்துலயே கொஞ்சம் கிரிஸ்டல் உடைஞ்சு அமார்ஃபஸ் ஆகும், சிலிகா கூட சேந்தா இன்னும் சுலபம்.

உன் மருந்து பாட்டில்லயும் ஒரு தடவை கண்ணை ஓட்டு. சாதா ஐபுப்ரோஃபென் 75லருந்து 78ல உருகும், அதுல மூலக்கூறு இடது கை, வலது கை மாதிரி ரெண்டு வடிவமும் கலந்திருக்கும், டெக்ஸ்ஐபுப்ரோஃபென்னு ஒரு கை மட்டும் உள்ளது இருக்கு, அது 50 சொச்சத்துலயே உருகிடும். என் மாணவன் ஒருத்தன் மூணு வாரம் சிலிகா மருந்தோட உருகுநிலையை இறக்கிடுச்சுன்னு குதிச்சுக்கிட்டு இருந்தான், கடைசில பாட்டில் தான் வேற. அதே மாதிரி மாத்திரைல லாக்டோஸ் மோனோஹைட்ரேட் போட்டிருந்தா 145 பக்கத்துல ஒரு பீக் வரும், அது லாக்டோஸ் தன் தண்ணியை விடறது, அதை மருந்து உருகுதுன்னு எழுதி கொண்டு வந்தவங்களை எண்ணினா கை விரல் பத்தாது.

கிரிஸ்டல் எந்த விதம்னு பாக்கறது சும்மா அழகுக்கு இல்ல. ரிட்டோனாவிர்னு எச்ஐவி மருந்து, 1996ல வந்துச்சு, 1998ல திடீர்னு வேற ஒரு கிரிஸ்டல் வடிவம் தலை காட்டுச்சு, அது கரையறது ரொம்ப கம்மி, கேப்ஸ்யூலையே மார்க்கெட்லேர்ந்து எடுக்க வேண்டியதாச்சு. மூலக்கூறு அதே, ஒரு அணு கூட மாறல. லிப் பாம் அம்மா சொன்ன கோகோ பட்டர் கதையும் ஐடியா ஒண்ணு தான், உதட்டுக்கு பதில் உயிர்.

இந்த வித்தை எல்லாம் மருந்துக்காக பிறந்தது இல்ல, 1887ல லெ ஷாட்லியே களிமண்ணை சூடேத்தி பாத்தார், 1915ல ஹோண்டா தராசையும் அடுப்பையும் ஒண்ணா சேத்தார், டிஎஸ்சி வந்தது 1960கள்ல. களிமண்ணுக்கும் சிலிகாவுக்கும் தூரம் அதிகமில்ல, அதனால நீ பழைய ஆளுங்க பண்ணினதை தான் பண்ற, பேன் மட்டும் சின்னதாயிடுச்சு.


மணலி_தராசு

சார் சொன்னது நூத்துக்கு நூறு. நான் எடை பக்கமே நின்னுட்டேன், அந்த பள்ளத்தை யோசிக்கல. டிஎஸ்சி டெம்பரேச்சர் சரியான்னு பாக்க இண்டியம்னு ஒரு உலோகம் போட்டு பாக்க சொல்லு தங்கச்சி, 156.6ல உருகணும், கிராமுக்கு 28.5 ஜூல் வரணும். ஏரியாவை வெச்சு மூணரை ஜூலா நாலு ஜூலான்னு பேசப்போறோம்னா இது சரியா இருக்கணும்.


தண்டையார்பேட்டை_டேட்டா

ஒரு சின்ன கேள்வி குறுக்கால. துளைக்குள்ள இன்னும் எவ்ளோ இடம் காலியா இருக்குன்னும் டிஎஸ்சில பாக்கலாம்னு படிச்சேன், ஐஸை வெச்சு. அது உண்மையா இல்ல கப்சாவா?


பெரம்பூர்_பழைய_வாத்தியார்

உண்மை தான் தம்பி. துளை சின்னதா ஆக ஆக உள்ள இருக்கிற ஐஸ் பூஜ்ஜியத்துக்கு கீழயே உருகிடும். 10 நானோமீட்டர் விட்டம்னா சுமார் மைனஸ் 11 டிகிரில உருகும். எந்த டெம்பரேச்சர்ல எவ்வளவு உருகுதுன்னு பாத்தா எந்த சைஸ் துளை எவ்வளவு இருக்குன்னு திருப்பி கணக்கு போடலாம். ஆனா இந்த பொண்ணோட 4 நானோமீட்டருக்கு மைனஸ் 30ஐ தாண்டி கீழ போகணும், அதுக்கேத்த கூலிங் இருக்கிற மெஷின் வேணும். துளை சுவத்தை ஒட்டியிருக்கிற தண்ணி ஒரு அடுக்கு உறையவே உறையாது, அதையும் கணக்குல விடணும். பாஸ் பண்ண வேண்டிய ப்ராஜெக்ட்ல இதை இழுத்து விட்டுக்க வேணாம்மா.


வியாசை_பார்மசி

ரெண்டு வாரம் ஆச்சு, மன்னிச்சுக்கோங்க, நடுவுல இன்டர்னல் எக்ஸாம்.

சார், பாட்டிலை பாத்தேன், சாதா ஐபுப்ரோஃபென் தான், அந்த பயம் இல்ல. நீங்க சொன்ன மாதிரி 40 டிகிரி வேக்குவம்ல ராத்திரி பூரா வெச்சு, எடுத்த கையோட பேன்ல போட்டு மூடினேன், மூடற ப்ரெஸ்ல கை வலிக்குது இன்னும். இண்டியம் 156.6ல கரெக்ட்டா வந்துச்சு. அந்த பெரிய பள்ளம் காணாம போயிடுச்சு, 120 கிட்ட லேசா ஒரு சாய்வு மட்டும். அதுக்கு முன்னாடி, 75ல, குட்டியா ஒரு பீக்! ஸ்க்ரீன்ல பாத்ததும் எனக்கு சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல. ஏரியா கிராமுக்கு 3.7 ஜூல்.

கணக்கு போட்டேன், தப்பா இருந்தா திட்டுங்க. இப்போ சாம்பிள் காஞ்சுடுச்சு, அதனால மருந்து 30.5 பர்சன்ட், முழுக்க கிரிஸ்டல்னா 37 ஜூல் வரணும், வந்தது 3.7. அப்போ பத்துல ஒரு பங்கு மருந்து துளைக்கு வெளிய கிரிஸ்டலா உட்கார்ந்திருக்கு, மிச்சம் ஒம்பது பங்கு கிரிஸ்டலா இல்ல. சும்மா குலுக்கி கலந்ததுல 33 ஜூல் வந்துச்சு.

கைடு கிட்ட கொண்டு போனேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பழைய க்ராஃபை எடுத்து இதுக்கு பக்கத்துல வெச்சு பாத்துட்டு, சரி ரெண்டையும் தீசிஸ்ல போடு, ஏன் முதல்ல தெரியலன்னும் எழுதுன்னார். அவ்ளோ தான், திட்டல.

ஒரே டவுட். 644 மில்லிகிராம் சிலிகால துளை கொள்ளளவு பாட்டில்படி பாத்தா 300 மில்லிகிராம் மருந்துக்கு இடம் தாராளமா இருக்கு. அப்புறம் ஏன் பத்து பர்சன்ட் வெளிய நிக்குது?


மணலி_தராசு

உள்ள சீட்டு காலியா இருந்தும் நம்ம பசங்க ஃபுட்போர்டுல தொங்கறானுங்களே, ஏன்? டிரைவர் வேகமா எடுத்துட்டாருன்னா உள்ள போக நேரம் இல்ல. ரோட்டவேப்ல எத்தனாலை வேகமா இழுத்திருப்ப, மருந்து உள்ள இறங்கறதுக்குள்ள வெளியவே காஞ்சு கிரிஸ்டல் ஆயிடுச்சு. அடுத்த பேட்ச்ல மெதுவா ஓட்டு, வேக்குவத்தை படிப்படியா இறக்கு. எத்தனாலும் குறைவா எடு, துளை நிறையற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு காய வெச்சாலும் உள்ள போகும். டிஜிஏ க்ராஃபையும் மறுபடி பாரு, சரிவு ரெண்டு வேகத்துல இருக்கும், முதல்ல 200 வாக்குல போறது வெளிய நின்ன பார்ட்டியா இருக்கலாம்.

கணக்கு சரி. திட்ட ஒண்ணும் இல்ல.


வண்ணாரப்பேட்டை_லிப்பாம்

சூப்பர் கண்ணு. தீசிஸ் முடிஞ்சதும் பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வா, வேர்க்காத லிப்ஸ்டிக் ஒண்ணு தரேன். சிலிகா பாட்டிலை மூடி வெச்சியா இல்லயா, அதை முதல்ல சொல்லு.


வியாசை_பார்மசி

மூடிட்டேன் அக்கா, பாராஃபிலிம் வேற சுத்தி டெசிகேட்டர்ல வெச்சேன். இன்னிக்கு காலைல திறந்து பாத்தா டெசிகேட்டர் அடில நீலமா இருந்த சிலிகா ஜெல் மொத்தமும் ஈரம் குடிச்சு ரோஸ் ஆயிடுச்சு. இப்போ அதை 120ல ஓவன்ல போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், நீலம் திரும்பினதும் தான் கிளம்பணும், கடைசி பஸ் போயிடுமோன்னு பயமா இருக்கு.